அப்பா குரலில் கூப்பிட்ட நாட்கள்

அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சிறு கட்டியை எடுத்த டாக்டர், ஒரு மாதம் பேசவே கூடாது, அதற்கப்புறம் மூன்று மாதம் கத்தக் கூடாது என்றார். அப்பாவுக்குத் தொழிலே கத்துவதுதான். லோடு ஆட்டோவில் காய் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லில் ஐந்தாறு தெருக்களுக்குப் போவார். கையில் மைக், கூரையில் கூம்பு ஸ்பீக்கர்.

"ரெக்கார்டு பண்ணி ஓட விட்ருவோம்ப்பா" என்றேன். எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வேலைக் கடிதத்துக்காகக் காத்திருந்த நேரம் அது. நாள் முழுக்க லேப்டாப்பில் யார் குரலையாவது நீட்டிக்கொண்டும் சுருக்கிக்கொண்டும் இருப்பேன்.

அப்பா போனில் எழுதிக் காட்டினார். 'ரெக்கார்டு போட்டா வாடுன காய்னு நெனப்பாக.'

அது உண்மை. மிச்சக் காயைத் தள்ளிவிட வெளியிலிருந்து வரும் வண்டிகள்தான் பென் டிரைவில் ஒரே குரலை ஓட விடும். வாயால் கூப்பிடுகிற வண்டி என்றால் காலையில் மார்க்கெட்டில் எடுத்த காய். எங்கள் தெருக்களில் யாரும் எழுதி வைக்காத சட்டம் இது. போதாததற்கு, அப்பா வீட்டு வீட்டுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மாடி வீட்டக்கா, டீச்சரம்மா, பச்சைக் கேட்டம்மா. நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே ரெக்கார்டு என்று தெரியாத ரெக்கார்டு வேண்டும். அப்பாவின் குரலைப் பதிந்து வைத்ததாக வீட்டில் எதுவும் இல்லை. ஒரு கல்யாண வீடியோவில் "சாப்ட்டுப் போங்க" என்கிறார், அவ்வளவுதான். இருப்பது என் குரல் மட்டும். சரி, என்னையே அப்பாவாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் சுருதியை மட்டும் கீழே இறக்கினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கெணத்துக்குள்ள விழுந்தவன் கூப்புடுற மாதிரி இருக்குடி" என்றாள். சுருதியை இறக்கும்போது வாயும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. குரலின் உயரம் ஒன்று, அது சுற்றி வருகிற தொண்டை, வாய் இவற்றின் அளவு இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகத் திருக வேண்டும். நான்கு நாள் திருகினேன். அப்பாவின் இழுவை, 'தக்காளி'க்கு முன்னால் வரும் அந்தச் செருமல், எல்லாவற்றையும் நடித்து நடித்துப் பதிந்தேன். ஹெட்போனில் கேட்டால் அப்பாவேதான்.

வண்டியில் போட்டுப் பார்த்தால் சளி பிடித்த நான்.

கூம்பு ஸ்பீக்கருக்கு அடிக்குரல் வராது என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பாடுபட்டு இறக்கியதையெல்லாம் அது துப்பிவிட்டிருந்தது. மறுபடி ஆரம்பித்தேன். அடியை விட்டுவிட்டு நடுப்பகுதியைத் தடிமனாக்கி, ஓரங்களைக் கொஞ்சம் கிழித்துக் கரகரப்பாக்கினேன். ஹெட்போனில் சகிக்கவில்லை. வாசலில் வண்டியில் போட்டதும் அம்மா கரண்டியோடு ஓடி வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரு அம்புட்டுச் சொல்லியும் கத்துறீகளே, ஒங்களுக்கு அறிவிருக்கா?"

அப்பா திறக்காத வாயைக் கையால் தொட்டுக் காட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு குழப்பமும் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் ஊர் கேட்டது அப்பாவையா, கூம்பையா?

தெருவுக்கு ஒன்றாகப் பதிந்துகொண்டு கிளம்பினோம். அப்பா ஒயர் பிடுங்கிய மைக்கை வாய்க்கு நேரே பிடித்து உதட்டை அசைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிளேயரின் பட்டனை அமுக்குவேன். இறங்கிய பிறகு யாராவது பேச்சுக் கொடுத்தால், "கத்திக் கத்தித் தொண்ட கட்டிருச்சுக்கா" என்பேன்.

"அப்ப செத்த நேரம் மைக்கக் கீழ வைக்கச் சொல்லு பாப்பா" என்றார் டீச்சரம்மா. அப்பா ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார்.

ஒன்பது நாள் நன்றாகத்தான் ஓடியது. அதற்கடுத்த ஞாயிறும் திங்களும் அந்தத் தெருக்கள் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பச்சைக் கேட்டுத் தெருவில் திரும்பும்போதே பட்டனை அமுக்கிவிட்டேன். திரும்பிய பிறகுதான் பந்தல் தெரிந்தது. கேட்டை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"பச்சைக் கேட்டம்மா, ஒங்களுக்குன்னே பிஞ்சு வெண்டக்கா எடுத்து வச்சிருக்கேன். ஒடிச்சுப் பாத்து வாங்குங்க."

அப்பா வண்டியை நிறுத்தினார். குரல் நிற்கவில்லை. பிளேயருக்குத் தனி பேட்டரி. பதற்றத்தில் தப்பான பட்டனை அமுக்க, முதலிலிருந்து ஆரம்பித்தது. பச்சைக் கேட்டம்மா, ஒங்களுக்குன்னே. அப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டு ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

பந்தலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். பச்சைக் கேட்டம்மாவின் தம்பி என்று பிறகு தெரிந்தது. "அக்காவ நேத்துத்தான் எடுத்தோம். பந்தல் போட்டிருக்கு, கண்ணு தெரியலயாய்யா ஒனக்கு?"

அப்பா கும்பிட்டார். அந்த மனிதர் போகாமல் நிற்கவும், டாக்டரின் தடையை மீறி வாயைத் திறந்தார். "தெரியாதுய்யா. மன்னிச்சிருங்க." சைக்கிள் டியூபில் காற்று கசிகிற மாதிரி இருந்தது. நானே அந்தக் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

அவர் அப்பாவின் வாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அப்ப கூப்புட்டது யாரு?"

"நான்தாண்ணே. என் குரல்தான்."

"ஆம்பளக் குரலாவுல்ல கேட்டுச்சு."

"மாத்தியிருக்கேண்ணே."

"எதுக்கு?"



அன்று சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் செய்தி போய்விட்டது. மறுநாள் வண்டிக்கு யாரும் வரவில்லை. மாடி வீட்டக்கா மேலே நின்றபடியே, "ரெக்கார்டுக் காயாம்ல" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. காய் என்னமோ அன்று காலை எடுத்ததுதான். மூன்று நாள் அப்படியே திரும்பினோம். தக்காளி வீட்டிலேயே பழுத்தது. மூன்று வேளையும் தொட்டுக்கொள்ளத் தக்காளிதான் வெஞ்சனம்.

நான்காம் நாள் அப்பா மைக்கில் ஒயரைத் திரும்பச் சொருகி என்னிடம் நீட்டினார். போனில் எழுதியிருந்தார். 'ஒன் வாயால கூப்புடு.'

கூப்பிட்டேன். எந்த எஃபெக்டும் இல்லை. முதல் தெருவில் குரல் நடுங்கியது. இரண்டாம் தெருவில் மாடி வீட்டக்கா கூடையோடு இறங்கி வந்து, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒங்கப்பன் மாதிரியேதான் கூப்புடுற. இதுக்கு எதுக்குடி மிசினு?"

அன்று வீட்டுக்கு வந்ததும் என் குரலை எதுவும் மாற்றாமல் அப்படியே பதிந்து கேட்டேன். 'தக்காளி'க்கு முன்னால் ஒரு செருமல். நான் போட்டதாக ஞாபகமே இல்லை. நான்கு நாள் நடித்ததில் ஒட்டிக்கொண்டதா, முன்பே இருந்ததா? அம்மாவிடம் கேட்டால், "யாருக்குத் தெரியும், போய்ச் சாப்புடு" என்கிறாள்.

பச்சைக் கேட்டுத் தெருவுக்கு மட்டும் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை போகவில்லை. போனபோது அப்பாவுக்கு மெதுவாகப் பேச அனுமதி வந்திருந்தது. மற்ற வீடுகளைக் கூப்பிட்டேன். அந்தக் கேட்டைத் தாண்டும்போது மைக்கை மடியில் வைத்துக்கொண்டேன். அப்பாவும் வண்டியை நிறுத்தவில்லை.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஏய் பாப்பா. எங்க வீட்ட மட்டும் விட்டுட்டுப் போற?"

அந்த அம்மாவின் மருமகள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தார்.

"இல்லக்கா. என்னன்னு கூப்புடுறதுன்னு தெரியல."

"கேட்டு மாறலயே" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். அந்த அக்காவோ கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால்தான் வருவேன் என்பதுபோல் அங்கேயே நின்றார். இரண்டடி தூரம்தான். மைக்கை எடுத்தேன்.

"பச்சைக் கேட்டம்மா, வெண்டக்கா."

யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. அவர் இறங்கி வந்து ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார்.