பூசணிக்காயில் தொங்கிய சீட்டு

அந்த விதைப் பண்ணையில் அவளை எல்லோரும் தரகர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாகப் பூசணிப் பூக்களுக்குக் கல்யாணம் முடித்து வைப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவது? நாற்பத்து மூன்று வயது, ஒடிசலான உடம்பு, பண்ணைக் கேட்டு வரை கேட்கும் சிரிப்பு. அவளுக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. இதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆள் அங்கே கிடையாது. முதல் கிண்டலை அவளே அடித்துவிடுவாள். அடுத்தவர் அடித்தால் வலிக்கும், அதனால்.

வேலை என்னவோ பார்க்கச் சுலபம். பூசணிக் கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்பூவுக்கு வெறும் காம்புதான். மறுநாள் விரியப்போகும் மொட்டுகளை முதல்நாள் சாயங்காலமே கண்டுபிடித்து, துணி காயப்போடும் கிளிப்பை அவற்றின் நுனியில் மாட்டிவிட வேண்டும். கொடிகள் வளரும் கூடாரத்தைச் சுற்றி வலை கட்டியிருந்தாலும் நம்ப முடியாது. ஒரு தேனீ நுழைந்தால் போதும், எந்தக் கொடியின் மகரந்தத் தூளையோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போய்விடும். காலை ஆறு மணிக்கு ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்தெறிந்து, நடுவில் நிற்கும் மஞ்சள் குச்சியைப் பெண்பூவுக்குள் தேய்க்க வேண்டும். பத்து மணிக்குப் பூ சுருங்கிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் நடக்காது. நாலே நாளில் குட்டிக் காய் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

உள்ளே பிறக்கப்போகும் ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். முந்நூறு விதை என்றால் முந்நூறு மாப்பிள்ளை. அதனால் தரகர் அக்கா தேய்ப்பதில் கஞ்சத்தனமே காட்டமாட்டாள். முடித்ததும் பூவை மறுபடி மூடி, காம்பில் ஒரு சீட்டுக் கட்டுவாள். தாய் இன்ன கொடி, தந்தை இன்ன கொடி, தேதி. சீட்டு தப்பென்றால் காய் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் தள்ளுபடிதான்.

அந்த வருஷம் பக்கத்துத் தர்பூசணி வயலில் மகரந்தம் சேர்க்க நாற்பது தேனீப் பெட்டிகளோடு ஒருவர் வந்து இறங்கினார். மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆனவர். பேச்சுத் துணைக்குத் தேனீக்களைத்தான் வைத்திருந்தார் போல. மூன்றாம் நாளே அவருடைய தேனீ ஒன்று வலையில் எங்கோ ஓட்டை கண்டுபிடித்து உள்ளே வந்துவிட்டது. தரகர் அக்கா அதை ஒரு ஆண்பூவுக்குள் மடக்கி, கிளிப் போட்டு, கைதியைப் போல வலையோரம் கொண்டுபோனாள்.

"இது உங்க ஆளுதானே?"

அவர் வலைக்கு அடியில் கைவிட்டுப் பூவை வாங்கி, காதோரம் வைத்துக் கேட்டார். "ஆமாங்க. முப்பத்தி ரெண்டாம் பெட்டி. சத்தத்துலயே தெரியுது."

"கல்யாண வீட்டுக்குள்ள கூப்பிடாம நுழைஞ்சிருக்கு."

"கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

அவள் சிரித்த சிரிப்பில் வயலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஏழாம் வரிசையில் எழுபது பூக்களை ஒரே மூச்சில் முடித்தாள். கை தேய்த்தது, கை எழுதியது. மனசு வலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. என்ன எழுதினாய் என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பாள்.

பிறகு தினமும் பத்து மணிக்குமேல் வலைக்கு இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் அவர். ஒருநாள் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுத்தி வளைக்கத் தெரியாதுங்க. என்னைக் கட்டிக்கறீங்களா?"

"எனக்கு நாப்பத்து மூணு. பாக்கெட்டுல போட்டிருந்தா காலாவதித் தேதி எப்பவோ தாண்டியிருக்கும்."

"ஈரத்துணியில போட்டு முளைக்குதான்னு பாக்காம விதையை யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

அவளுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. ஆனால் வாயில் வந்தது, "யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்தாள், யோசித்தாள், மூன்று வாரம் தாண்டியும் யோசித்தாள். ஆயிரக்கணக்கில் கல்யாணம் முடித்தவளுக்குத் தன் விஷயத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. இந்த வயதில் ஆசைப்பட்டாள் என்று தெரிந்தால் எல்லோரும் சிரிப்பார்களே என்ற பயம், வேறொன்றுமில்லை. அவள் தங்கியிருந்தது தங்கை வீட்டில். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, தர்பூசணி பூத்து முடிஞ்சாச்சு. அந்த மனுஷன் வியாழக்கிழமை பெட்டியை ஏத்திட்டுக் கிளம்பிடுவாரு. அப்புறம் வலையோரம் நின்னு கொடிகிட்டதான் பேசணும்."

வியாழக்கிழமை வந்தது. அன்று காலைதான் ஏழாம் வரிசையில் அறுவடைப் பரிசோதனை. மேற்பார்வை அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு காயாகச் சீட்டைச் சத்தமாகப் படிக்க, ஒரு பெண் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்றாம் காயில் குரல் நின்றது.

"தாய்… தரகர் அக்கா."

பதிவேடு எழுதிய பெண் பேனாவை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தந்தை… தேனீக்காரர்."

கூடாரமே வெடித்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். முதல் கிண்டலை எப்போதும் தானே அடிக்கும் தரகர் அக்காவுக்கு அன்று ஒன்றுகூட வரவில்லை. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவளுக்கு, மெதுவாகத்தான் ஒன்று உறைத்தது. இவர்கள் சிரிப்பது சந்தோஷத்தில். மூன்று வாரம் பயந்த பயம் இவ்வளவுதானா!

"தள்ளுபடி," என்றார் மேற்பார்வை அம்மா, உதட்டை இறுக்கிக்கொண்டு. பிறகு காம்பை நறுக்கி, எட்டுக் கிலோப் பூசணியைச் சீட்டோடு அவள் கையில் வைத்தார். "பெத்தவங்க எடுத்துட்டுப் போகலாம்."

தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பிய பிறகுதான் பெட்டிகளை மூடி ஏற்ற முடியும். அந்தி வெளிச்சத்தில் அவர் கடைசிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு தரகர் அக்கா ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. காயை அப்படியே நீட்டினாள்.

அவர் சீட்டைப் படித்தார். மறுபடி படித்தார். விரல் விட்டு எண்ணினார்.

"தேதி தப்பா இருக்கே. நான் உங்களைக் கேட்டது இதுக்கு அப்புறம் பதினேழு நாள் கழிச்சுல்ல?"

"தேதி சரிதான்."

அவர் கயிற்றை விட்டுவிட்டார். "அப்போ இத்தனை நாளா எதைத்தாங்க யோசிச்சீங்க?"

"முதல்ல நீங்க எப்பக் கேப்பீங்கன்னு யோசிச்சேன். கேட்டதும் பயந்துட்டேன். இப்பப் பயமில்லை."

அவர் சீட்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். பூசணியை வண்டியின் முன் இருக்கையில், தனக்குப் பக்கத்தில், உருளாமல் முட்டுக் கொடுத்து உட்கார வைத்தார். "அடுத்த ஊர்ல பெட்டியெல்லாம் இறக்கிட்டு விடியறதுக்குள்ள வந்துடறேன். உங்க தங்கச்சியப் பாத்துப் பேசணும்."

"விடியக்காலையில வராதீங்க. கடைசி வரிசையில எனக்கு முப்பது கல்யாணம் இருக்கு," என்றாள் தரகர் அக்கா. "பத்து மணிக்கு மேல வாங்க."