புருல்சா அடித்த கோடு

எங்கள் ஊர் அக்-தாலில் பகல் இரண்டு மணி ஆகிவிட்டதைப் புருல்சா அக்காவின் பின்கதவு சொல்லிவிடும். அந்தக் கதவுக்கு வெளியே, ஆப்பிள் தோப்புக்கும் விமானதளத்து வேலிக்கும் நடுவில், அரசாங்கத்தின் வானிலை நிலையம் இருக்கிறது. நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வெள்ளை மரக்கூண்டு, அதற்குள் இரண்டு வெப்பமானிகள். ஒரு கம்பத்தின் உச்சியில், காற்று வீசினால் மேலே தூக்கிக்கொள்ளும் இரும்புத் தகடு, அது எவ்வளவு தூக்கியது என்று காட்ட வரிசையாக ஆணிகள். ஒரு மழைமானி. காலை எட்டு, பகல் இரண்டு, மாலை எட்டு என்று மூன்று வேளையும் போய்ப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறார்.

மகளின் கல்யாணத்தன்று பெண்ணை அழைத்துப்போகக் கார்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. சரியாக இரண்டு மணி. "ஏழு நிமிஷம் இருங்க" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அழப் போயிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்து, "தென்மேற்குக் காத்து, நொடிக்கு நாலு மீட்டர். பயணத்துக்கு நல்லது" என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்.

அவர் கணவர் முகாஷ் ஓய்வுபெற்ற டிராக்டர் ஓட்டுநர். யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் சொல்வார்: "நான் இவளுக்கு மூணாவது புருஷன். முதல் ரெண்டும் அந்தக் கூண்டுக்குள்ள தொங்கிட்டிருக்கு."

அந்த வீட்டில் ரப்பர் கிடையாது. குறிப்பேட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மழை பட்டால் மை கரைந்துவிடும். ஆனால் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய கோடு. அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, யார் சொல்லி, ஏன், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாற்றினோம் என்று எழுத வேண்டும். அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டிலும் இப்படியே கோடடித்து, "அம்மா சொல்லி, 6:40" என்று எழுதி வாத்தியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுப் படை வந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் அரசாங்கம் விமானநிலையத்தில் பாதியை அவர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதற்காக யாரும் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. எங்கள் பெண்கள் சிலர் அங்கே சமையல்கூடத்தில் வேலை பார்த்தார்கள். முகாஷ்கூட இரண்டு குளிர்காலம் ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார்.

அந்த ஏப்ரலில் ஆப்பிள் மரங்கள் இலை தெரியாமல் பூத்திருந்தன. எரிபொருள் சுமக்கும் பெரிய விமானங்கள் பாதி வழியில் திரும்பி வந்து, தரையிறங்குமுன் பாரம் குறைக்கத் தோப்பின்மேல் தாழச் சுற்றின. அவற்றின் பின்னால் புகைபோல ஏதோ இறங்கியது. புருல்சா அக்கா வழக்கம்போலப் போனார், பார்த்தார், எழுதினார்.

'ஏப்ரல் 11, பகல் 2. மழை 1.8 மி.மீ. தண்ணீரின் மேல் வானவில் நிறப் படலம். மண்ணெண்ணெய் வாசனை.'

'ஏப்ரல் 12, காலை 8. மழை 0.6 மி.மீ. மேலே சொன்னபடியே.'

'ஏப்ரல் 17, பகல் 2. மழை இல்லை. மழைமானியில் 0.3 மி.மீ. தண்ணீர் அல்ல.'

கடைசி இரண்டு சொற்களை நான் பல முறை வாசித்திருக்கிறேன். இதைவிடக் குறைவாக எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பத்து நாளில் பூக்கள் கருகி உதிர்ந்தன. வேலியோரத்து வீடுகளில் குழந்தைகளுக்குக் கண் எரிந்தது. ஊராட்சித் தலைவர் எர்மெக் அரசாங்கத்துக்கு மனு எழுதினார். நான் ஊராட்சி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவன். மனுவை அடித்தவன் நான்தான். மே மாதம் இருபதாம் தேதி வந்த பதிலைக் கூடியிருந்தவர்களுக்குப் படித்துக் காட்டியவனும் நான்தான்.

"அக்-தால் மீது எரிபொருள் கொட்டப்பட்டதாக எந்த அரசு அமைப்பிடமும் பதிவு இல்லை."

 வேறு ஏதோ சான்றிதழ் வாங்க வந்து கதவோரம் நின்றிருந்த புருல்சா அக்கா, "தம்பி, அதைத் திரும்பப் படி" என்றார்.

படித்தேன்.

"எந்த அரசு அமைப்பிடமும் இல்லையா? அப்போ நான் யாரு? இருபத்தாறு வருஷமா அரசாங்கச் சம்பளத்துல ஆட்டுக்குப் பல்லு எண்ணிட்டிருந்தேனா?"

எர்மெக் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அக்கா, உங்க குறிப்பேட்டுல அது இருக்கா?"

"மூணு வரி இருக்கு."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"சொன்னேனே. மாசா மாசம் தாள்ல பிரதி எடுத்துத் தலைநகருக்கு அனுப்பறேன். துறைக்கு ஒண்ணு, ஆவணக் காப்பகத்துக்கு ஒண்ணு. அனுப்பறதுதான் என் வேலை. அவங்களை உக்காரவெச்சு வாசிக்கவும் வைக்கணுமா?"

அன்றே இரண்டாவது மனுவை அடித்தேன். மூன்று வரிகளும் தேதியோடு அதில் இருந்தன. அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைக்க ஊரிடம் இருந்தது அந்த மூன்று வரிதான். ஒன்பதாவது நாள் தலைநகரிலிருந்து கறுப்புக் கார் ஒன்று வந்தது.

வந்தவர் வானிலைத் துறையின் துணை இயக்குநர், பெயர் தாலாய்பெக். நல்ல மரியாதைக்காரர். எர்மெக்கும் நானும் அவரைக் கூட்டிக்கொண்டு புருல்சா அக்கா வீட்டுக்குப் போனோம். மேசையில் பொரித்த மாவுத் துண்டுகளும் செர்ரி ஜாமும் வைத்து, கிண்ணத்தில் பாதி தேநீர் ஊற்றிக் கொடுத்தார் அக்கா. தாலாய்பெக் ஒரு மாவுத் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஊர், பிள்ளைகள், மகசூல் எல்லாம் விசாரித்தார். எர்மெக்கையும் என்னையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது.

"அக்கா, மண்ணெண்ணெய் வாசனைங்கறது வானிலையா, நீங்களே சொல்லுங்க. அதுக்கு ஒரு கட்டம் இருக்கா தாள்ல?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு."

"அதுல இடி, ஆலங்கட்டி, மூடுபனி எழுதலாம். தப்பா எழுதிட்டீங்க, அவ்வளவுதான். எல்லாருக்கும் வரதுதான். புதுத் தாள் கொண்டு வந்திருக்கேன். அந்த மூணு வரி இல்லாம எழுதிக் குடுங்க. குறிப்பேட்டுலயும் எடுத்துடுங்க."

"எடுக்கலன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லல அக்கா. சின்ன நிலையங்களை மூடறதுக்கு ஒரு பட்டியல் ஓடிட்டிருக்கு. உங்க பேர் அதுல வரக் கூடாதுன்னுதான் நானே நேர்ல வந்தேன்."

 உள்ளே நாற்காலி நகர்ந்தது. "ரெண்டு மணி" என்று சொல்லிவிட்டு அக்கா பின்கதவைத் திறந்துகொண்டு போனார். கூண்டைத் திறந்து பார்த்தார். தகட்டை அண்ணாந்து பார்த்தபடி இரண்டு நிமிஷம் நின்றார். அந்த இரண்டு நிமிஷமும் எர்மெக் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, "சரி, திருத்திடறேன்" என்றார்.

எர்மெக் என் கையை விட்டார்.

தாலாய்பெக் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை ரப்பரை எடுத்து மேசையில் வைத்தார். அட்டை உறைகூடப் பிரிக்காத புது ரப்பர். மூலையில் உட்கார்ந்திருந்த முகாஷ் அதை எட்டிப் பார்த்தார். "புருல், இருபத்தாறு வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள வந்த முதல் ரப்பர் இதுதான். விருந்தாளிக்கு வைக்கற மாதிரி ரொட்டியும் உப்பும் வெச்சு வரவேற்கலாமா?"

"எடுத்து உள்ள வைங்க ஐயா" என்றார் அக்கா தாலாய்பெக்கிடம். "தப்பு வந்தா எப்படித் திருத்தணும்னு உங்க துறையே விதி போட்டிருக்கு. பதினொண்ணாவது பத்தி."

பென்சிலைச் சீவினார். அளவுகோலை வைத்து மூன்று வரிகளின் மேலும் மூன்று மெல்லிய கோடுகள் இழுத்தார். பிறகு, எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேலே எழுதினார்: "அடிக்கப்பட்டது. அடிக்கச் சொன்னவர், துணை இயக்குநர் தாலாய்பெக். காரணம், மண்ணெண்ணெய் வாசனை வானிலை அல்ல என்றார். நிலையத்தை மூடும் பட்டியல் பற்றியும் சொன்னார். மே 29. பகல் 2 மணி 16 நிமிஷம்." குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பினார். "இங்க ஒரு கையெழுத்து."

"அக்கா, என்ன இது?"

"விதி."

"நான் போடமாட்டேன்."

"கட்டாயமில்ல." அதற்குக் கீழே எழுதினார்: "கையெழுத்திட மறுத்தார். 2:18." பிறகு, "திருத்தம் செஞ்சா அதை அந்த மாசத் தாள்ல சேத்து எல்லா இடத்துக்கும் அனுப்பணும். நாளன்னைக்குத் தபால்ல போயிடும்" என்றார். தேநீர்க் கெண்டியை எடுத்து அவர் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினார். எங்கள் பக்கத்தில் கிண்ணம் நிறைந்தபிறகு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. தாலாய்பெக் எழுந்தார்.

கார் போனதும் எர்மெக் உள்ளே வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "நம்மகிட்ட இருந்ததே அந்த மூணு வரிதான். அதையும் அடிச்சிட்டீங்களே அக்கா."

அக்கா குறிப்பேட்டை அவரிடம் நீட்டினார். "வாசிங்க. தெரியுதில்ல? முன்னாடி இதுல எண்ணெய் மட்டும்தான் இருந்துச்சு. இப்போ ஆளும் இருக்கான்."

எர்மெக் இரண்டு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து, தாலாய்பெக் குடிக்காமல் விட்டுப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

மே மாதத் தாளின் பிரதி ஒன்றை எர்மெக் நாடாளுமன்றக் குழுவுக்கும் அனுப்பிவைத்தார். ஜூன் நடுவில் அழைப்பு வந்தது. குறிப்பேட்டோடு வர வேண்டும். குறிப்பேடு நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதும் விதிதான். ஆகவே அக்கா அழைப்பாணையின் எண்ணை முதலில் குறிப்பேட்டில் எழுதி, "இதன்படி குறிப்பேடு வெளியே செல்கிறது" என்று சேர்த்தார். அதன்பிறகே ரோஜாப்பூ போட்ட தலைத்துணியில் அதைச் சுற்றினார். தலைநகருக்குப் போகும் நாளின் பகல் இரண்டு மணி வேலை முகாஷுக்கு வந்தது. அவருக்கு ஒரு தனித் தாள் கொடுத்து மூன்று நாள் பயிற்சி நடந்தது. "தகடு எந்த ஆணிக்கு நேரா நிக்குதுன்னு மட்டும் பாருங்க. உங்க கருத்தை யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு எங்களோடு பேருந்தில் ஏறினார்.

குழு அறையில் முதலில் அமைச்சகத்து அதிகாரி பேசினார். ஒப்பந்தப்படி தளத்துக்குள் அரசு சோதனை செய்ய முடியாது. தளத்துக்கு வெளியே எதுவும் நடந்ததாகப் பதிவு இல்லை. குழுத் தலைவி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள், புருல்சா அக்காவைப் பார்த்து வாசிக்கச் சொன்னார். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று வரிகளையும் வாசித்தார்.

"அடிச்சிருக்கே. எப்படி வாசிக்கறீங்க?" என்றார் தலைவி.

"வாசிக்கணும்னுதான் அப்படி அடிக்கறதுங்க."

பிறகு மேலே எழுதியிருந்ததை வாசித்தார். பெயர், பதவி, காரணம், பட்டியல், 2:16, 2:18. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தாலாய்பெக் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் சிரித்தபடி கேட்டார். "அம்மா, யார் இதெல்லாம் சொல்லிக் குடுத்து அனுப்பினாங்க? உங்களுக்கு அந்த வெளிநாட்டுக்காரங்களை ஆகாதோ?"

அக்கா குறிப்பேட்டை மூடினார். "வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரங்க மேல எனக்குக் கோபம் இல்லீங்க. நான் அவங்களுக்குத் தாள் அனுப்பல. உங்களுக்கு அனுப்பினேன். அவங்க உங்களைக் கேட்டுத்தான் வந்தாங்க. எங்க பூ ஏன் கருகிச்சுன்னு நீங்கதான் அவங்களைக் கேக்கணும். கேட்டு எங்ககிட்டச் சொல்லணும். என்னைக் கேக்கறீங்களே."

அந்த உறுப்பினர் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். தலைவி அமைச்சகத்து அதிகாரி பக்கம் திரும்பினார். "நம்ம மண்ணுல நாம சோதிக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? ஒப்பந்தத்துல அந்தப் பக்கம் எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த புதன்கிழமை வந்தது. நிலம், தண்ணீர், காற்று பற்றிய பகுதியை மட்டும் சபையில் வாசித்தார்கள். முழு ஒப்பந்தத்தையும் இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஆகஸ்டில் அரசு ஆய்வாளர்கள் இரண்டு பேர், அந்த ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, தளத்தின் வாசல் வழியாகவே உள்ளே போனார்கள். விமானங்கள் தோப்பின்மேல் சுற்றுவது நின்றது. எங்களுக்கு ஒரு புதுக் கடிதமும் வந்தது. அதையும் நான்தான் படித்தேன். முந்தைய பதில் திரும்பப் பெறப்படுகிறது; அக்-தால் வானிலை நிலையத்தில் பதிவு உள்ளது; மூன்று வரிகளையும் மீட்க வேண்டும். நிலையத்தை மூடும் பேச்சே அதில் இல்லை.

அடித்ததை மீட்கவும் ஒரு முறை இருக்கிறது. வரிக்குக் கீழே புள்ளிகள் வைக்க வேண்டும். அக்கா மேசையில் உட்கார்ந்து, எர்மெக், முகாஷ், நான், வேலியோரத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்று பார்க்க, ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். 'தண்ணீர் அல்ல' என்பதற்குக் கீழே மட்டும் கொஞ்சம் அழுத்தி வைத்ததாக எனக்குப் பட்டது. "மீட்கப்பட்டது. மீட்கச் சொன்னது, நாடாளுமன்றக் குழு" என்று எழுதி நேரத்தைப் போட்டார்.

அதோடு ஜூன் மாதப் பக்கத்தையும் புரட்டினார். தலைநகருக்குப் போன நாளில் முகாஷ் தனித் தாளில் எழுதிவைத்ததை, விதிப்படி எழுத்து மாறாமல், ஊர் திரும்பிய அன்றே குறிப்பேட்டில் ஏற்றியிருந்தார். வெப்பம், ஈரம், மழை எல்லாம் ஒழுங்காக இருந்தன. காற்று என்ற கட்டத்தில் இருந்தது: 'நல்லா இருக்கு.'

"இதை அடிச்சிடலாம்ல அக்கா?" என்றேன்.

"எப்படி அடிக்கறது? அன்னைக்கு நான் இங்க இல்லையே. பாத்தவரு அவருதான்."

முகாஷ் நிமிர்ந்து நின்றார். அந்த வரி இன்றும் ஆவணக் காப்பகத்தில், மற்ற இருபத்தாறு வருஷக் காற்றோடு இருக்கிறது.