ரஷ்யக் கதையில் எனக்குக் கிடைத்த வேடம்

என் கூட்டாளி செல்லப்பன் போய்விட்டான் என்று போன் வந்தபோது நான் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் அருகே நின்றிருந்தேன். மாரடைப்பாம். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, கதையின் முடிவைச் சொல்லாமல் போய்விட்டானே என்பதுதான்.

குலசேகரத்தில் எங்கள் ரப்பர் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு அவனைத் தெரியும். மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு நிற்கும் நாட்களில் தடித்த ரஷ்ய நாவல் ஒன்றைத் தமிழில் வாசித்துக் காட்டுவான். அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை என்று எங்கள் ஊர் ஆட்களின் பெயர்களை வைத்தான். அதில் வரும் அப்பனுக்கு என் பெயர். அந்த ஆள் எப்பேர்ப்பட்ட கோமாளி என்று தெரியும்வரை எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பிறகு அப்பனை யாரோ அடித்துக் கொல்கிறார்கள். கொன்றுவிடுவேன் என்று ஊரறியக் கத்திய மூத்த மகன்மேல் பழி விழுகிறது. அவனுக்கு என் மகன் பிரதீப்பின் பெயரை வைத்திருந்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுக் கடை போட வேண்டும் என்று பிரதீப்பும், கூடாது என்று நானும் வீட்டில் நிஜமாகவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

கொன்றது யார், அந்த மகன் நல்லவனா கெட்டவனா என்று செல்லப்பனைக் குடைந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"ரெண்டு பேரும் ஒருத்தனுக்குள்ள ஒரே பாயிலதான் கெடக்கானுவ, மக்கா. கத்துதவன விடு. ஒண்ணும் பேசாம நிக்கியவனப் பாத்துப் பயப்படு."

அதுதான் வினையாயிற்று. கொஞ்ச நாளாக பிரதீப் கத்துவதில்லை. வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். நான் பால்வெட்டுக் கத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். அரிசி எடுக்கப் போன என் மனைவியின் விரல் தப்பியது. என் மானம் தப்பவில்லை.

செல்லப்பனின் தகனம் முடிந்து பிரதீப்பின் பைக்கில் திரும்பினோம். வழியெல்லாம் பேச்சில்லை. ஆளில்லாத ரப்பர் தோட்டத்து வளைவில் வண்டியை நிறுத்தி இறங்கினான். நான் மடியிலிருந்த ஹெல்மெட்டை இறுகப் பற்றினேன்.

"ஹெல்மெட்ட மடியில வச்சா மண்டை தப்புமா? செல்லப்பன் மாமா மாதிரி நீங்களும் பொசுக்குன்னு போயிட்டா, பெறவு நான் யார்கிட்ட சண்டை போட?"

தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கண்ணீரை மறைக்கவும் அது வசதியாக இருந்தது.

அந்தப் புத்தகத்தைச் செல்லப்பனின் மனைவி என்னிடமே கொடுத்துவிட்டாள். முடிவைப் புரட்டிப் பார்க்க இன்னும் துணிச்சல் வரவில்லை. அவன் பேச்சிலிருந்து நான் வைத்துக்கொண்டது, சத்தம் நிற்பதைக் கவனிக்கும் ஒரு காதுதான். வீட்டில் சத்தம் ஓய்ந்தால் இப்போதும் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். மகன் கத்தும் நாளில் நிம்மதியாகத் தூங்குகிறேன்.