பிளம்பர் ஜெபகுமாரும் கூரத்துக் குழாயும்

ஓரிக்கை சாலையில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு பிளம்பர் ஜெபகுமாருடையது. வயது நாற்பத்தாறு. ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. பூட்டிய குழாயை வெறும் கையால் திருகிக் கழற்றுகிற பலம். ஆனால் சத்தம் மட்டும் அவருக்கு ஆகாது. சுவரில் பலூன் ஒட்டிய வீட்டுக்குப் பிறந்தநாள் விருந்துக்குக்கூட வரமாட்டார். கருட சேவைக்கு வேட்டு போடும் இடத்துக்கு இரண்டு தெரு முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிடுவார். தீபாவளியன்று அவரைத் தேடினால் யாராவது ஒருவர் வீட்டு நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கி அதைக் கழுவிக்கொண்டிருப்பார். மூடியைச் சாத்திவிட்டுப் போகும்படி அவரே கேட்டுக்கொள்வார்.

அவருடைய அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். ஜெபகுமார் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிய காலத்தில் அங்கே குழாய் வேலைக்குப் போய்த் தொழில் கற்றார். ஊருக்குத் திரும்பி வந்தபோது கையில் இரண்டு பைப் ரெஞ்சும், கல்யாணம் செய்துகொண்ட நதியாவும் இருந்தார்கள். நதியா காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறார். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களைத் தினமும் பார்ப்பதால் எதற்கும் பதறாத பெண்மணி.

இறுகிப்போன மரையைத் திறப்பதில்தான் ஜெபகுமாருக்குப் பெயர். நெசவாளர் சிவராஜ் வீட்டுத் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஒரு போல்ட்டு பிடித்துக்கொண்டபோது மூன்று பேர் சேர்ந்து சம்மட்டியால் அடித்தும் அது அசையவில்லை. ஜெபகுமார் வந்தார். எண்ணெய் விட்டார், டீ குடித்தார், போல்ட்டின் தலையில் நாலு தட்டு தட்டினார், பிறகு இரண்டு விரலால் கழற்றிச் சிவராஜ் கையில் கொடுத்தார். "அது இன்னா தப்பு பண்ணுச்சு, அந்த அடி அடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டாராம்.

தேர்தல் அறிவித்த வாரம் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் அர்ஜுனன், கூரத்தில் இரண்டு ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறவர். வீட்டில் பழைய இரும்புக் குழாய் ஒன்று இருப்பதாகவும், நாலடி நீளம் வரும் என்றும், பின்பக்கத்து மூடி மரை பிடித்துக்கொண்டு நாலு வருஷமாகத் திறக்கவில்லை என்றும் சொன்னார். லேத்துப் பட்டறையில் இரண்டு பேர் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஜெபகுமாருக்கு அதைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது. உடனே கொண்டுவரச் சொன்னார்.

அர்ஜுனன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது அவருடைய நாட்டுத் துப்பாக்கியின் குழாய். முன்வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பிச் சுடுகிற பழைய வகை. காட்டுப்பன்றி கடலைக்குள் இறங்கினால் வெறும் சத்தத்துக்கு வெடிக்க, முறையாக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அவரும் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஏட்டு சுகாசினி, உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று கேட்டிருக்கிறார். அர்ஜுனன் யோசித்திருக்கிறார். மார்கழியில் ஒரு நாள் நிரப்பியது ஞாபகம் இருந்தது. அதைச் சுட்டது ஞாபகம் இல்லை. பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னதற்கு அது திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்கி வைக்கமுடியாது, காலி என்று கண்ணால் பார்த்தால்தான் பதிவேட்டில் எழுதுவேன் என்று சுகாசினி திருப்பி அனுப்பிவிட்டார்.

துப்பாக்கி என்று சொன்னதால்தான் லேத்துக்காரர்கள் மறுத்தார்கள் என்று அர்ஜுனனுக்குப் புரிந்திருந்தது. அதனால் துப்பாக்கியின் மரக்கட்டையையும் விசைக் குதிரையையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் குழாயை மட்டும் உரச்சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து ஜெபகுமார் வாசலில் உட்கார்ந்திருந்த நேரம். நான் என் வீட்டு மோட்டாருக்கு வாஷர் கேட்கப் போயிருந்தேன். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். ஜெபகுமார் குழாயைக் கையில் வாங்கி எடை பார்த்தார். நல்ல இரும்பு என்று பாராட்டினார். ஒரு கண்ணை மூடி வாய்ப்பக்கம் பார்த்தார். வாயை வைத்து ஊதினார். காற்று போகவில்லை. வாய் மேலே பார்க்கும்படி பின்மூடிப் பக்கத்தை வைஸ் பிடிப்பானில் இறுக்கிக் கட்டி, மரையின் ஓரத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இதுல இன்னாணா ஓட்டினீங்க? தண்ணியா, ஆசிடா?"

"மருந்துபா."

"மருந்து அடிச்சா கழுவி வெக்கணும்ணா. உப்பு மாரி படிஞ்சிக்கினு மரைய தின்னுடும்."

அவர் பூச்சிமருந்து என்று நினைத்துக்கொண்டார். கடலைச் செடிக்கு அடிக்கிற பழைய பம்பின் குழாய் என்பது அவர் எண்ணம். அர்ஜுனனும் திருத்தவில்லை. எண்ணெய் விட்டார்கள், தட்டினார்கள். ஜெபகுமார் அந்தக் குழாயில் தோளைச் சாய்த்துக்கொண்டு டீ குடித்தார். அரை மணி நேரமாகியும் அசையவில்லை. கொஞ்சம் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லி உள்ளே போய் ப்ளோ லேம்ப்பை எடுத்து வந்து பற்றவைத்தார். நீலத் தீ சீறிக்கொண்டு வந்தது.

அர்ஜுனன் எழுந்து நின்றுவிட்டார்.

"தம்பி, நெருப்பு மட்டும் வேணாம்பா. மருந்து உள்ள இருந்தாலும் இருக்கும்."

"பூச்சி மருந்து எரியாதுணா."

"பூச்சி மருந்து இல்லப்பா. வெடி மருந்து. இது துப்பாக்கி."

ப்ளோ லேம்ப் அணைந்ததைப் பார்த்தேன். ஜெபகுமார் போனதைப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய உருவம் எப்படி அந்த வேகத்தில் போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டின் பக்கவாட்டில் இருந்த ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அவருடைய குரல் மட்டும் வந்தது. தான் அதில் வாய் வைத்து ஊதியதை நதியாவிடம் சொல்லச் சொன்னது அந்தக் குரல்.

நதியா வெளியே வந்து விவரம் கேட்டார். அர்ஜுனன் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நதியா கணவரைத் திட்டவும் இல்லை, வந்தவரைத் திட்டவும் இல்லை. அரை அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு துப்பாக்கியின் வாய்க்குள் முட்டும்வரை விட்டார். முட்டிய இடத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழாயின் வெளிப்பக்கம் வைத்து அளந்தார். புடவை அளக்கிற கைதானே. அடிமரைக்கு நாலு விரல் முன்னாலேயே அளவு நின்றுவிட்டது.

"உள்ள ஏதோ இருக்குதுங்க. நாலு விரக்கட," என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. வெடிமருந்து நனைந்தால் வெடிக்குமா? வெடிக்காது, மழையில் நனைந்த மருந்தைப் பலமுறை கொட்டியிருக்கிறேன் என்றார் அர்ஜுனன். ஜெபகுமாரின் தலை தொட்டிக்கு மேலே தெரிந்தது. தண்ணீர் அவருடைய சங்கதி.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. நீளமான ஹோஸ் ஒன்றைத் தூரத்திலிருந்தே பிடித்துக் குழாய் வழிய வழிய நீர் நிரப்பினார். நதியாவும் அர்ஜுனனும் குழாயை வைஸிலிருந்து எடுத்து, சோப்புத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் முழுதும் மூழ்கும்படி நிறுத்தினார்கள். ராத்திரி முழுக்க ஊறினால்தான் கிட்டே வருவேன் என்றார் ஜெபகுமார்.

சிக்கல் என்னவென்றால், லைசென்ஸ் இல்லாத ஆளிடம் துப்பாக்கியை விட்டுவிட்டு அர்ஜுனன் ஊருக்குப் போகக்கூடாது. சுகாசினிக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, குழாயானாலும் அது துப்பாக்கிதான், நீங்கள் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே அர்ஜுனன் டிரம்முக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நதியா அவருக்கு மதியம் மீன்குழம்பும், மாலை வடையும் கொடுத்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் டிரம்மில் என்ன என்று கேட்டார்கள். துணி ஊறுகிறது என்று அவர் சொன்னார். துணி ஊறுவதை இவ்வளவு கவனமாகக் காவல் காக்கிற மனிதரை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் ஜெபகுமார் வேலைக்கு இறங்கினார். நதியாவின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். அர்ஜுனன் குழாயை மறுபடி வைஸில் கட்டிக் கொடுத்ததும், மரையின் ஓரத்தில் மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து விட்டார். ரெஞ்சின் பிடியில் ஆறடி இரும்புக் குழாயைச் செருகி, அதன் மறுமுனை வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் வரும்படி வைத்தார். பிடி நீளமானால் விசை கூடும் என்று எங்களுக்கு விளக்கினார். அது உண்மைதான். சுவருக்குப் பின்னால் நிற்கலாம் என்பதும் உண்மை.

மெல்ல அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார். மூன்றாவது தடவை கிரீச் என்று ஒரு சின்ன ஒலி வந்தது. ஜெபகுமார் கீழே உட்கார்ந்துவிட்டார். ஆனால் மரை நகர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அர்ஜுனன் கையாலேயே திருக, மூடி கழன்று, பின்னாலேயே கறுப்பாகச் சேறு கொழகொழவென்று விழுந்தது.

எல்லாரும் குனிந்து பார்த்தோம். அர்ஜுனன் அதுதான் மருந்து என்றார். நதியா ஒரு ஈர்க்குச்சியால் கிளறிப் பார்த்தார். சேற்றில் ஒரு இறக்கை கிடந்தது. இன்னொன்றும் கிடந்தது.

"அண்ணே, நீங்க மருந்து போட்டா மேல இன்னா வெச்சி இடிப்பீங்க?"

"தேங்கா நார்மா."

"நாரே இல்லியே. இது கொளவிக் கூடுணா."

அர்ஜுனன் நம்பவில்லை. நதியா சொன்னதன்பேரில் அவர் தன் மனைவி பொன்னியம்மாளுக்குப் போன் போட்டு, மார்கழியில் நிரப்பிய மருந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"போகி அன்னிக்கு சுட்டியேயா. நம்ம மாடு கயித்த அறுத்துக்கினு ஏரிக்கரை வரைக்கும் ஓடுச்சே. நீதான போயி புடிச்சிக்கினு வந்த?"

அர்ஜுனன் போனை வைத்துவிட்டார். ஜெபகுமார் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒரு குளவிக் கூட்டுக்காக ஒன்றரை நாள் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நினைத்து நான் சிரித்துவிட்டேன். ஜெபகுமார் சிரிக்கவில்லை. அவருடைய கண் ஏற்கெனவே மரைக்குப் போய்விட்டது. பள்ளம் முழுக்கக் கரி ஏறி, துருவோடு சேர்ந்து கல்லாகியிருந்தது. அதன்மேல் முன்பு எவனோ சணலும் பெயின்ட்டும் வைத்து இறுக்கியிருந்தான். இதைச் செய்தவனுக்குக் கை எப்படி வந்தது என்று ஜெபகுமார் வருத்தப்பட்டார்.

பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கொதிக்கும் சோப்புத் தண்ணீர் விட்டு மூடியின் மரையைத் தேய்த்தார். குழாயின் உள்மரைக்கு ஒரு குச்சியில் துணி சுற்றி விட்டார். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து, கிரீஸ் மெல்லப் பூசினார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து எல்லாப் பிளம்பர்களும் வைத்திருக்கிற வெள்ளை டேப்பை எடுத்து, மரையின் மேல் திருகு ஏறுகிற திசையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றினார். கரி உள்ளே ஏறாது, இரும்பும் இரும்பும் ஒட்டாது என்றார். கையால் முடிந்தவரை திருகி, ரெஞ்சால் கால் சுற்று மட்டும். ஒவ்வொரு முறை சுட்டதும் அன்றைக்கே திறந்து கழுவ வேண்டும், பழைய டேப்பை உரித்துவிட்டுப் புதுசு சுற்ற வேண்டும். அர்ஜுனன் இதையெல்லாம் திருப்பிச் சொல்லும்வரை அவரை விடவில்லை.

ஸ்டேஷனில் சுகாசினி அதைத் திறந்து பார்த்தாராம். சிறிய ரெஞ்சால் ஒரு தொடு, பிறகு விரலாலேயே மூடி கழன்று வந்தது. ஒரு பக்கம் கண் வைத்தால் மறுபக்கம் நிலைய வாசலில் நின்ற வேப்பமரம் தெரிந்ததாம். யார் செய்த வேலை என்று விசாரித்து, அடுத்த நாளே ஜெபகுமாருக்குப் போன் போட்டார். போலீஸ் என்றதும் அவர் பயந்து நதியாவிடம் போனைக் கொடுத்துவிட்டார். சுகாசினி கேட்டது இதுதான். அந்தப் பகுதியில் இன்னும் ஏழு பேர் இதே வகைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், ஏழும் பின்னால் இறுகிக் கிடக்கின்றன. லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியில் கைவைத்து வேலை செய்யக்கூடாது என்பதால் ஜெபகுமார் எதையும் தொட வேண்டாம். ஸ்டேஷன் கொல்லையில் உரிமையாளர்களே திறந்து கழுவட்டும், அவர் நின்று சொல்லிக் கொடுத்தால் போதும்.

தொடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது என்பதில் ஜெபகுமாருக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஏழு குழாயும் முந்தின நாளே தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும்.

அந்த வகுப்பைப் பார்க்க நதியா லீவு போட்டுவிட்டுப் போனார். ஏழு விவசாயிகள் ஏழு பக்கெட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெபகுமார் முப்பதடி தள்ளி, ஜீப்புக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு, பிரஷ் பிடிக்கும் விதத்தை வெறும் கையால் காட்டினார். வேல்முருகன் என்ற ஒருவர் காது மந்தமானவர். அவருக்குக் கேட்பதற்காகக் கொஞ்சம் கிட்டே வரச் சொன்னபோது, ஜெபகுமார் ஸ்டேஷன் மைக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "கால் சுத்துதான், கால் சுத்துதான்" என்ற அறிவிப்பு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாம். மதியத்துக்குள் ஏழு மூடியும் கழன்றன. ஒன்றில் மட்டும் உண்மையிலேயே மருந்து இருந்தது. ஊறிக் களியாகியிருந்ததால் பக்கெட்டில் கரைந்து போயிற்று. அதை ஜெபகுமாரிடம் சாயங்காலம்தான் சொன்னார்கள்.

தேர்தல் முடிந்து அர்ஜுனன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். கடலைக்குப் பன்றி வந்தபோது இரண்டு தரம் வெடித்தும் பார்த்தார். பன்றிகளுக்கு அந்தச் சத்தம் பழகிப்போய், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கிளறத் தொடங்கியிருக்கின்றன. கடைசியில் அவர் சோலார் வேலி போட்டுவிட்டார். ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து, துடைத்து, டேப் சுற்றி மூடுகிறார். பொன்னியம்மாள் எதற்கு என்று கேட்டால், ஜெபகுமார் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி விசாரிப்பார் என்கிறார். அவரும் தவறாமல் விசாரிக்கிறார்.