தவுனோவின் மோட்டார் தூங்கப் போன நாள்

மோட்டாரைக் கண்டால் ஹெல்லேவிக்குக் கை சும்மா இருக்காது. இளமையில் காகித ஆலையின் பட்டறையில் ஆண்களுக்கு நடுவே தனி ஒருத்தியாக நின்று ஸ்பேனர் பிடித்தவள். “வீடெல்லாம் பெட்ரோல் நாத்தம்” என்று முகம் சுளித்த புருஷனை, “அப்ப நாத்தம் இல்லாத இடமாப் பாத்துப் போய்க்க” என்று வழியனுப்பிவிட்டு, சாய்மா ஏரியில் அப்பா விட்டுப்போன குட்டித் தீவில் குடியேறினாள். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

குளிர் நெருங்கினால் சுற்றுக் கரைக்காரர்கள் தங்கள் படகு மோட்டார்களை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். உள்ளே தங்கிய தண்ணீரையும் பெட்ரோலையும் ஒட்ட வடித்து, எண்ணெய் விட்டுத் தூங்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். வருகிறவர்கள் இரண்டு படகாக வருவார்கள். மோட்டாரை அவளிடம் விட்டுவிட்டு, அந்தப் படகை இன்னொன்றின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த ஆண்டு கடைசியாக வந்த தவுனோ மட்டும் தனியாக வந்தான். எதிர்க்கரைக்காரன். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. பள்ளிக்கூடத்தில் ஹெல்லேவிக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவள் பின்னலை இழுத்தவன். கோடை முழுக்க ஏதாவதொரு சாக்கில் வருவான், காப்பி குடிப்பான், மீனைப் பற்றிப் பேசுவான், போய்விடுவான். ‘இந்தக் குளிருக்கு இங்கேயே இருந்துவிடேன்’ என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வரும். வந்ததை மென்று முழுங்கிவிடுவாள். ஊரையே அதட்டுகிற பொம்பளைக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இனி முழுங்க நேரமில்லை. கரையோரத் தண்ணீர் அன்று காலையே கண்ணாடியாகிவிட்டது. நாளையோ மறுநாளோ ஏரி மூடிக்கொள்ளும். அப்புறம் பனி கெட்டிப்படும் வரை வாரக்கணக்கில் படகும் போகாது, நடக்கவும் முடியாது. அவன் அங்கே, இவள் இங்கே. அந்த வாரங்களை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கியர் எண்ணெய மட்டும் மாத்திக் குடு ஹெல்லேவி. கையோட கெளம்பிடறேன்,” என்றான் தவுனோ.

“உக்காந்து பன்னத் தின்னு. என் வேலைய எனக்குச் சொல்லித் தராத.”

கொட்டகை முன்னால் மரச்சட்டத்தில் மோட்டாரை மாட்டினாள். அடித் திருகைக் கழற்றியதும் எண்ணெய் தேன் போலப் பளபளவென்று இறங்கியது. கோடை முழுக்க ஓடிய எண்ணெய் இவ்வளவு சுத்தமாக இருக்காதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அன்றைக்கு அவள் மூளை எண்ணெயில் இல்லை. புது எண்ணெயை ஏற்றினாள். மோட்டாரைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி, கயிற்றை இழுத்து ஓடவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்தப் பிசாசு கையைப் பிடித்து இழுத்ததோ, பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, காற்று போகும் வாயில், தூங்கவைக்கிற எண்ணெயைப் பீய்ச்சி அடித்தாள்.

மோட்டார் இருமியது, குமுறியது, வெள்ளைப் புகையைக் கக்கியது. கொட்டகை காணோம், பைன் மரங்கள் காணோம், தவுனோவையும் காணோம். பன்னோடு ஒரு கை மட்டும் புகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் ஒரு விக்கலோடு அடங்கியது. ஹெல்லேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலைகால் புரியாத வேகத்தில் மிச்சப் பெட்ரோலை வடித்தாள், ப்ளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டாள், மோட்டாரைத் தூக்கிக் கொட்டகைக்குள் நிமிர்த்தி மாட்டினாள். அதற்குப் பிறகுதான் மனசாட்சி விழித்தது.

“தவுனோ, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“என்ன?”

“கைவாக்குல முழுசாத் தூங்கவச்சிட்டேன். இனி வசந்தத்துலதான் கண்ண முழிக்கும்.”

“அடடா,” என்று இன்னொரு பன்னை எடுத்தான் தவுனோ.

“என்னய்யா அடடா? எப்படி வீட்டுக்குப் போவ?”

“அதான் யோசிக்கிறேன்.” யோசிக்கிறவன் மூஞ்சி மாதிரியே இல்லை.

“என் மோட்டாரையும் போன வாரமே தூங்கவச்சாச்சு. படகுல துடுப்பு இருக்குமில்ல? நானே வலிச்சுக் கொண்டுபோய் விடறேன்,” என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைச் சபித்துக்கொண்டே படகுத்துறைக்கு இறங்கினாள்.

படகில் துடுப்பு இல்லை. துடுப்பில்லாமல் கிளம்புவதை விட கால்சட்டை இல்லாமல் கிளம்புவான் சாய்மாக்காரன். தார்ப்பாயைத் தூக்கினாள். ஒரு மூட்டைக் கம்பளிக் காலுறை, காப்பித்தூள் பொட்டலங்கள். மூலையில், செய்தித்தாள் சுற்றி, குளிர் தாக்காமல் அவன் கழுத்துத்துணியையும் மேலே கட்டி, அவன் சமையலறை ஜன்னலின் ஜெரேனியம் செடி. பூச்செடியைத் தூக்கிக்கொண்டு எவனாவது எண்ணெய் மாற்ற வருவானா? அந்தத் தேன் நிற எண்ணெய் இப்போதுதான் புரிந்தது. திருட்டுப் பயல், வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்!

தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறினாள். கால் தரையில் பாவவில்லை. தவுனோ எழுந்து நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன.

“துடுப்பு கெடைச்சுதா?”

“கெடைக்கல. இது தெக்கு ஜன்னல்ல இருக்கட்டும். அங்கதான் வெயில் வரும்.”

“உன்கிட்ட... உன்னோட துடுப்பு இருக்குமே?” என்றான், நல்ல மனுஷனாகக் கடைசியாக ஒருமுறை.

“எனக்கு ஏதுய்யா துடுப்பு? வெறகாக்கி எரிச்சாச்சு.”

அவன் தோளுக்குப் பின்னால், கொட்டகைச் சுவரில், அவளுடைய துடுப்புகள் சாய்ந்து நின்றன. தவுனோ திரும்பிப் பார்க்கவே இல்லை.