என் வயதுக்குச் சாட்சி சொன்ன லாத்தா

செவ்வாய்க்கிழமை காலை, லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில் எனக்குத் தொலைபேசி வந்தது. போர்ட் பிளேயர் டாலிகஞ்சிலிருந்து லாத்தாவின் பக்கத்து வீட்டுப் பெண் பேசினாள். "லாத்தா போயிட்டாங்கக்கா. இன்னிக்கு சாயங்காலமே அடக்கம்." அன்றைக்குக் கப்பல் இல்லை. மறுநாள் நான் போய் இறங்கியபோது ஈர மண்மேடுதான் இருந்தது. ஒரு பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

கதீஜா லாத்தா, போர்ட் பிளேயரில் அனாதைப் பிள்ளைகளுக்கான அரசு இல்லத்தில் சமையல்காரி. ராமநாதபுரத்துக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கில் லாத்தா என்றால் அக்கா. அந்த இல்லத்தில் வளர்ந்து, இதைப் படிக்கும் உங்களில் பலர் அவர் கையால் சோறும் வாங்கியிருப்பீர்கள், அடியும் வாங்கியிருப்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மீனில் முள் எடுத்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். வாயைத் திறந்தால் மட்டும் யாரும் பக்கத்தில் நிற்க முடியாது.

அறுபதுகளின் தொடக்கத்தில், மரம் வெட்டும் முகாமில் பெற்றோரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, சரசுவும் நானும் ஒரே படகில் அங்கே வந்து சேர்ந்தோம். குமாஸ்தா சரசுவிடம் வயது கேட்டார். பத்து என்றாள், எழுதிக்கொண்டார். எனக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. அவர் பொறுக்கவில்லை. சரசுவின் வயதுக்குக் கீழே, இவளுக்கும் அதுவே என்று டிட்டோ குறி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கும் பத்து வயது.

பதினெட்டு முடிந்தால் இல்லத்தில் இடமில்லை. உறவினர் யாராவது கையெழுத்திட்டு, முகவரி கொடுத்து அழைத்துப் போக வேண்டும். யாரும் வராவிட்டால் கப்பலேற்றி, தகப்பனின் சொந்த ஊர் என்று பதிவேட்டில் இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. சரசுவுக்கும் எனக்கும் ஒரே கப்பல் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொள்வேன்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது லாத்தா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சூப்பரின்டெண்டென்ட் அறைக்குள் நுழைந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சாப், டீக் நஹி, இது சரியில்ல. இவளுக்குப் பதினெட்டுன்னு யாரு சொன்னா?"

"காகஜ் மே லிகா ஹை," என்றார் அவர். காகிதத்தில் எழுதியிருக்கிறதாம்.

"காகஜை நீங்க பாத்தீங்க. நான் இவ வாயைப் பாத்தேன். வந்த வருசந்தான் முன்பல்லு ரெண்டும் விழுந்துச்சு. நாந்தான் சாணியில உருட்டித் தகரக் கூரை மேல எறிஞ்சேன். பத்து வயசுலயா சாப் முன்பல்லு விழும்? உங்க வீட்டுப் புள்ளைக்கு எப்ப விழுந்துச்சு?"

பியூன் இந்தியில் எடுத்துச் சொன்னான். சூப்பரின்டெண்டென்ட் முதலில் சிரித்தார். பிறகு, தன் பிள்ளையை நினைத்தாரோ என்னவோ, பேனாவைக் கீழே வைத்தார். என்னை டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் பதினைந்து என்று எழுதினார்.

சரசுவுக்கு உண்மையிலேயே பதினெட்டு. அவள் போனாள். கப்பல்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வரலியாடி?" என்று மட்டும் கேட்டாள். நான் தப்பித்தேன் என்ற சந்தோஷம் அப்போது என் நெஞ்சுக்குள் இருந்தது. சொல்லவே கூசுகிறது. அவளுக்கு எழுதிய இரண்டு கடிதங்களும், அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்தன.

"ஒருத்திய நிறுத்த ஒரு பல்லு கிடைச்சுது. இன்னொருத்திக்குக் குடுக்க எங்கிட்ட ஒரு விலாசம் இல்லாமப் போச்சே, புள்ள," என்று சரசு போன அன்று லாத்தா அழுதார். அவரே இல்லத்தின் சமையற்கட்டுக்குப் பின்னால், வேலையோடு கிடைத்த அறையில் இருந்தவர்தான்.

அடுத்த மாதமே டாலிகஞ்சில் ஓர் அறை பிடித்துக் குடிபோனார். ஏன் என்று கேட்டோம். "அடுப்புப் புகை ஒத்துக்கல," என்றார். நாங்களும் நம்பினோம். மூன்று வருடம் கழித்து என் விடுதலைத் தாளில் உறவினர் என்ற இடத்தில் தமக்கை என்று எழுதச் சொல்லி, டாலிகஞ்ச் விலாசம் கொடுத்து, கைநாட்டு வைத்தார். எனக்குப் பின்னால் வந்த உங்களில் சிலருக்கும் அப்படித்தான். அந்த அறையில் கால் நீட்ட இடமிருக்காது.

"எத்தனை தங்கச்சிதான் உனக்கு?" என்று ஒருநாள் சூப்பரின்டெண்டென்ட் கேட்டாராம்.

"எங்க வாப்பா தாராளமான ஆளு, சாப்," என்று தகப்பன் மேல் போட்டாராம் லாத்தா.

என் மகளுக்குப் பதினெட்டு முடிந்த அன்று வீட்டில் கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவள் துணிமணி அலமாரியில் அப்படியே இருக்கிறதா என்று இரண்டு முறை போய்ப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. யாரிடம் சொல்வது? அப்போது போர்ட் பிளேயரிலிருந்து போன் வந்தது.

"இன்னிக்கு உன் மவளுக்குப் பதினெட்டுல்ல?" என்றார் லாத்தா. "நீ சாப்புட்டியா?"

அந்தப் பயம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் தெரிந்து கேட்பதற்குத்தான் இனி ஆள் இல்லை.