அக்காவின் தாடை

என் அக்கா வெல்லம் தின்று செத்தாள் என்று மறையூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பொய். அவள் வெல்லத்தைக் கடித்ததே இல்லை. கடிக்கப் பல் இருந்தால்தானே.

எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். எலும்பு சட்டென்று ஒடியும். கண்ணின் வெள்ளையில் நீலம் ஓடும். பல் முளைக்கும்போதே பாகு நிறத்தில் முளைத்து, முப்பது வயதுக்குள் ஈறு மட்டத்துக்குத் தேய்ந்துவிடும். எனக்கு வரவில்லை. அக்காவுக்கு வந்தது.

மறையூரில் அவளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வெல்ல ஆலை இருந்தது. கால் ஒடிந்து ஒடிந்து சேர்ந்தவளால் கரும்பு சுமக்க முடியாது. கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் உருட்டினாள். குழந்தை பிறந்த சில மாதத்தில் அவள் கடைவாய் வீங்கிப்போனது. பார்க்கப் போயிருந்தேன்.

“நாள் முழுக்க உக்காந்து வெல்லத்த நக்குனா பல்லு எப்படி நிக்கும்?” என்றாள் மாமியார்.

“நக்குனத நீங்க பாத்தீங்களா அத்தை?”

“பல்லு நிறமே சொல்லுதே. சாட்சி வேற வேணுமா?”

அக்கா வீங்கிய வாயோடு சிரித்தாள். “சண்ட போடாதடி. வலிக்கிறது எனக்குத்தானே.”

மூணாறு ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனால் குலுக்கலில் இன்னொரு எலும்பு போகும். அதனால் அவள் புருஷன் பல் பிடுங்கும் நாவிதரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். பல் பிடுங்கப் போய் எங்கள் அம்மாவின் தாடை ஒடிந்துபோனதைச் சொன்னேன். “அப்ப வலியோட கெடக்கட்டுமா?” என்று கேட்டார். அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

குறடு பட்டதும் பல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நொறுங்கியது. வேர் உள்ளேயே நின்றது. மறுபடி நெம்பினார். தாடை ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாவிதர் முகம் செத்துப்போய், “இது என்ன எலும்பு தாயி” என்றார்.

பழைய வேட்டியைக் கிழித்துத் தாடையைக் கட்டினோம். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தால் அக்காவுக்குக் கஞ்சி விட்டேன். பாலாடையைப் பார்த்துக் குழந்தை கை நீட்டி அழும். மகளுக்கு ஒரு வாய், தாய்க்கு ஒரு வாய். சீழ் நிற்கவில்லை. காய்ச்சலும் வந்தது.

ஒருநாள் குழந்தையின் வாயில் பாலாடை எதிலோ தட்டியது. அக்காவுக்கும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. குழந்தையைக் கொடு என்று கை காட்டினாள். உதட்டை விலக்கிப் பார்த்தாள். புதுப் பல். பாகு நிறம்.

விரலால் அந்தப் பல்லைத் தடவினாள். பிறகு கட்டுக்குள்ளிருந்து முனகினாள். “இவ வாயில யாரையும் குறடு வைக்க விடாத.”

அந்த வாரமே போய்விட்டாள்.

நான் விடவில்லை. அந்தப் பெண் என்னோடுதான் இருக்கிறாள். பல் தேய்ந்துவிட்டது. கஞ்சியும் குழைந்த சோறும்தான் சாப்பாடு. வலி வந்தால் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கக் கொடுத்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். “சின்னதுல வெல்லம் நெறைய தின்னுச்சோ?” என்று ஒருத்தி கேட்டாள்.

கையில் கொடுத்த காப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எழுந்து போகச் சொன்னேன்.